மகளின் ஃபோன்: ஜூன் மாதக் குறிப்புகள்

9 ஜூன் 2024, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போகும் மகளுக்கு அவளுடைய அப்பாவின் பழைய ஃபோனைக் கொடுப்பது என்று பல நாள் பேச்சுக்குப் பிறகு முடிவாயிற்று. பதினொரு வயதுப் பிள்ளை என்பதால் அவளுடைய கூகுள் கணக்கை என் கணக்கோடு இணைத்துத்தான் தொடங்க முடிந்தது. பிள்ளையின் ஃபோனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியை என் ஃபோனில் நிறுவி, மாலை முழுவதும் அதோடு உட்கார்ந்திருந்தேன். இரவு 9 மணிக்கு ஃபோன் பூட்டிக்கொள்ளும். புதிய செயலி எதுவாக இருந்தாலும் நான் சம்மதித்தால்தான் இறங்கும். தடயம் இல்லாமல் உலாவ உதவும் இன்காக்னிட்டோ அவளுக்குக் கிடையாது. இணையதளங்களுக்கு மூன்று நிலைகள் இருந்தன: எல்லாவற்றையும் அனுமதிப்பது, ஆபாசத் தளங்களைத் தடுக்க முயல்வது, நான் ஒப்புக்கொண்ட தளங்களை மட்டும் திறப்பது. நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். அதில் 'முயல்வது' என்று அவர்களே எழுதியிருந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அவர் தம் பங்குக்கு வீட்டு ரவுட்டரில், தளத்தின் பெயரைக் கேட்டு வழி சொல்லும் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.3 என்று மாற்றினார். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று தொடங்கிய இலவச வடிகட்டி அது. வீட்டு வைஃபை வழியாக யார் ஆபாசத் தளத்தின் பெயரைக் கேட்டாலும் அதற்கு வழி சொல்லாது. கோட்டைக்கு இரண்டு சுவர் எழுப்பிவிட்டதாக இருவருக்கும் திருப்தி.

14 ஜூன், வெள்ளி

அவள் உறங்கிய பிறகு, பெற்றோருக்கான குறியீட்டைப் போட்டு அவளுடைய ஃபோனைத் திறந்து, க்ரோமில் ஹிஸ்டரியைப் படிப்பது ஐந்தே நாளில் எனக்கு வழக்கமாகிவிட்டது. அக்கறையினால்தான் படிக்கிறேன் என்று எழுதலாம். ஆனால் பாதிக்கு மேல் ருசி என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பூனை ஏன் உறுமுகிறது, வியாழனுக்கு எத்தனை நிலவுகள், நகப்பூச்சை எப்படி அழிப்பது என்று அவள் மனம் தாவும் வழியைப் பார்க்க அத்தனை சந்தோஷமாக இருக்கிறது.

இன்று அந்தச் சந்தோஷம் போயிற்று. ஏதோ விளையாட்டுக்குக் குறுக்குவழி தேடப்போய், அங்கிருந்த விளம்பரம் இழுத்துச் சென்ற சூதாட்டப் பக்கம் ஒன்று வரிசையில் இருந்தது. முந்தைய வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரே நிமிடம்தான். அவள் தானாகவே மூடியிருக்க வேண்டும். அந்த நேரக் கணக்கு எனக்கு இப்போதுதான் கண்ணில் படுகிறது. இரவில் அதைப் பார்த்தவுடன், யோசிக்காமல் மூன்றாவது நிலைக்கு மாற்றி, பாடத்துக்கு வேண்டிய ஏழு தளங்களை மட்டும் பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

18 ஜூன், செவ்வாய்

அனுமதி கோரும் அறிவிப்புகள் நாளுக்கு நாலைந்து வருகின்றன. நகைக்கடன் கவுண்டரில், ஒருவருடைய சங்கிலியைத் தராசில் வைத்துக்கொண்டே இன்று ஒன்றைப் பார்த்தேன். தளத்தின் முகவரியில் மார்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இருந்தது. நிராகரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

21 ஜூன், வெள்ளி

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. தேரின் வடம் பலமுறை அறுந்ததாக அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அதே பேச்சு. நேரலையைப் பார்க்க வேண்டும் என்று அத்தை தம் ஃபோனை என்னிடம் நீட்டினார். தேடல் கட்டத்தைத் தொட்டதும் பழைய தேடல்கள் வரிசையாக விழுந்தன. முழங்கால் வலிக்கு முடக்கத்தான், பிரதோஷ நேரம், அதற்குக் கீழே, "நெஞ்சுல ஒரு பக்கம் மட்டும் கட்டி". அதற்கும் கீழே, "சின்னப் பிள்ளைக்கு கேன்சர் வருமா".

முதலில் அத்தைக்குத்தான் ஏதோ என்று பதறிப்போய்க் கேட்டேன். "நான் எங்கம்மா தேடுனேன்? பிள்ளைதான் மத்தியானம் வாங்கிப் பேசிக்கிட்டு இருந்தா" என்றார். மைக்கைத் தொட்டுப் பேசினால் போதும், எழுதத் தேவையில்லை. அத்தையின் ஃபோன் தன் சொந்த சிம்மில் ஓடுவது. ரவுட்டரில் செய்த மாற்றம் அதைத் தொடவே இல்லை. செவ்வாய்க்கிழமை நான் நிராகரித்த முகவரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான்கு நாள். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு, தனக்குப் புற்றுநோய் என்று நம்பிக்கொண்டு, அதில் மூன்று நாள் பள்ளிக்கும் போய் வந்திருக்கிறாள்.

இரவு அவளை அருகே உட்காரவைத்துக் கேட்டேன். இடது பக்கம், காம்புக்கு அடியில், பட்டாணி போல ஒன்று, தொட்டால் வலிக்கிறது. முதலில் அழுதாள், பிறகு, "நீங்கதான் வேண்டாம்னு போட்டுட்டீங்களேம்மா" என்றாள். அவள் கேட்டது தளத்தைத் திறக்க மட்டும் அல்ல என்பது எனக்கு எட்டாமல் போயிற்று.

22 ஜூன், சனி

பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் மார்பு வளரத் தொடங்கும் என்றும், பெரும்பாலும் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும் என்றும், மறுபக்கம் சில மாதங்களில் வந்துவிடும் என்றும், வலிப்பது இயல்பு என்றும் அவளைப் பார்த்தே சொன்னார். முதல் மாதவிடாய் இதற்கு இரண்டு மூன்று ஆண்டு கழித்து வரும் என்பதையும் விளக்கினார். வழியெல்லாம் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். இந்தப் பேச்சை அவள் பன்னிரண்டு வயதைத் தொட்ட பிறகு தொடங்கலாம் என்று நான் தள்ளிவைத்திருந்தேன். வடிகட்டிக்குச் செலவிட்ட மாலையில் பத்து நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.

25 ஜூன், செவ்வாய்

தளங்களை மீண்டும் நடு நிலைக்கு மாற்றியாயிற்று. ரவுட்டரில் செய்தது அப்படியே இருக்கட்டும்; அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. சூதாட்ட விளம்பரங்களைப் பற்றித் தனியாக, நேராகப் பேசினேன். அவளுக்கு அவை ஏமாற்று என்று முன்பே தெரிந்திருந்தது.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இன்று படித்துப் பார்த்தேன். 18 வயது நிறையாதவர் எல்லோரும் அதில் குழந்தைகள். அவர்களைப் பின்தொடர்வதும் நடத்தையைக் கண்காணிப்பதும் கூடாது என்று நிறுவனங்களுக்குச் சொல்கிறது. 2024 ஜூன் நிலவரப்படி அதன் விதிகள் நடைமுறைக்கு வரவில்லை. கூகுளோ, இந்த 2024 நிலவரப்படி, 13 வயதிலேயே கணக்கின் பொறுப்பைப் பிள்ளை கையில் கொடுக்கத் தயாராக இருக்கிறது. இரவில் குறியீட்டைப் போட்டுத் திறக்கும் தாயைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை.

30 ஜூன், ஞாயிறு

"என் ஹிஸ்டரிய தினமும் பாக்குறீங்களா?" என்று திங்கட்கிழமையே கேட்டிருந்தாள். ஆமாம் என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, ஞாயிறு தோறும் அவளும் உடன் இருக்கும்போது மட்டும் பார்க்கலாம், எதற்காகத் தேடினேன் என்று தானே சொல்வேன் என்று நிபந்தனை வைத்தாள். ஒப்புக்கொண்டேன். இன்று காலை முதல் முறையாக அப்படிப் பார்த்தோம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை சொன்னாள்; நேரம் போனதே தெரியவில்லை.

அவள் சொன்ன கதைகளில் மூன்று வரிகளை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். புதன்கிழமை இரவு, தூக்கம் வராமல், ஒரு முறை திறந்து பார்த்திருந்தேன். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.