வணிகக் குற்றப் பாலிசியை மாநிலச் சட்டங்களுக்குப் பொருத்திய அனுபவம்

அமெரிக்காவில் இன்சூரன்ஸ் தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருக்கிறது. இன்சூரன்ஸும் மாநிலங்களுக்கிடையிலான வணிகமே என்று 1944இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. ஆனால் மறு ஆண்டே மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் அதை மீண்டும் உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே ஒரு பாலிசியைப் பல மாநிலங்களில் விற்க விரும்பும் நிறுவனம், அந்தந்த மாநிலத்தின் இன்சூரன்ஸ் துறைக்கு அதைத் தனித்தனியாகப் பொருத்தியாக வேண்டும். ஹார்ட்ஃபோர்டில் ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தில், பாலிசிப் படிவத்தை, அதாவது பாலிசியின் நிபந்தனை வாசகத்தை, எழுதும் பிரிவில் பணிபுரியும் எனக்கு, எங்கள் புதிய வணிகக் குற்றப் பாலிசியை இப்படிப் பொருத்தும் பொறுப்பு வந்தது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஊழியர் கையாடல், காசோலையில் போலிக் கையெழுத்து, கல்லாவிலிருந்தோ வங்கிக்குக் கொண்டுபோகும் வழியிலோ பணம் திருடுபோதல், கணினி வழியாக நடக்கும் பணமாற்ற மோசடி ஆகியவற்றால் ஒரு நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்பை இந்தப் பாலிசி ஈடுசெய்கிறது. இன்சூரன்ஸ் சர்வீசஸ் ஆபீஸ் என்கிற ஐ.எஸ்.ஓ. அமைப்பின் பொதுப் படிவங்களையே பலரும் பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்கான மாநில எண்டார்ஸ்மென்ட்களையும், அதாவது படிவத்தை அந்தந்த மாநிலச் சட்டத்துக்கேற்பத் திருத்தும் இணைப்புகளையும், அந்த அமைப்பே தயாரித்துத் தருகிறது. எங்கள் படிவமோ ஐ.எஸ்.ஓ. வாசகத்தை அடித்தளமாகக் கொண்டு நாங்களே மாற்றி எழுதியது. முதல் சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 'இன்ன பிரிவின் இன்ன பத்தி நீக்கப்பட்டு, பின்வருவது சேர்க்கப்படுகிறது' என்றுதான் மாநில எண்டார்ஸ்மென்ட் பேசும். எங்கள் படிவத்தில் பத்திகளின் வரிசை மாறியிருந்ததால், ரத்து நிபந்தனையைத் திருத்த வேண்டிய வாசகம் கணக்குப் புத்தகங்களைப் பராமரிப்பது பற்றிய நிபந்தனையைச் சுட்டிக்கொண்டு நின்றது. எனவே ஒவ்வொரு எண்டார்ஸ்மென்டையும் எங்கள் படிவத்தின் பக்கத்தில் வைத்து, பத்திகளைக் குறிக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மீண்டும் எழுதினோம். அலுப்பூட்டும் வேலைதான் என்றாலும், தவறான பத்தியை நீக்கும் ஓர் எண்டார்ஸ்மென்ட் நீதிமன்றத்தில் என்ன பொருள் தரும் என்பதை எண்ணிப் பார்த்தால் அலுப்பு தோன்றாது.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது வழக்குத் தொடுக்கும் காலவரம்புதான். இழப்பைக் கண்டறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. படிவம் சொல்கிறது. இழப்பு ஆதார அறிக்கையை 120 நாட்களுக்குள் தர வேண்டும், அதைத் தந்து 90 நாட்கள் கழியும்வரை வழக்குத் தொடுக்க முடியாது என்பவையும் உண்டு. தீ விபத்தில் எரிந்தது என்ன என்பது பெரும்பாலும் விரைவில் தெரிந்துவிடும். கையாடல் அப்படிப்பட்டதல்ல. நம்பிக்கைக்குரிய கணக்காளர் ஒரு போலி ரசீதில் பிடிபட்ட நாளே 'கண்டறிந்த நாள்' ஆகிவிடும். ஆனால் பல ஆண்டுகளாகப் போன தொகை எவ்வளவு என்பதைத் தணிக்கையாளர்கள் தோண்டி எடுப்பதற்கும், நிறுவனம் கிளைமை ஆராய்ந்து மறுப்பதற்கும் அந்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி கரைந்துபோகும்.

டெக்சாஸ் சட்டப்படி, வழக்குத் தொடுக்கும் காலத்தை இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவாக்கும் ஒப்பந்த வாசகம் செல்லாது. எங்கள் படிவத்திலும் இரண்டு ஆண்டுகள்தானே இருக்கின்றன என்று குழுவில் சிலர் கேட்டார்கள். எண் ஒன்றுதான், எண்ணத் தொடங்கும் நாள் வேறு. வழக்குத் தொடுக்கும் உரிமை பொதுவாகக் கிளைம் மறுக்கப்படும்போதுதான் பிறக்கிறது. கண்டறிந்த நாளிலிருந்து எண்ணினால், உரிமை பிறந்த பிறகு மிஞ்சும் காலம் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைந்துவிடும். இழப்பு நேர்ந்த நாளிலிருந்து எண்ணிய ஒரு சொத்துப் பாலிசியின் இரண்டு ஆண்டு வரம்பை, இதே காரணத்துக்காக ஆஸ்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் செல்லாததாக்கியது. எனவே டெக்சாஸ் எண்டார்ஸ்மென்டில், உரிமை பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளும் ஒரு நாளும் என்று எழுதினோம். ஃபுளோரிடா இன்னும் கறாரானது. சட்டம் தரும் காலத்தை ஒப்பந்தத்தின் மூலம் குறைப்பதையே அது செல்லாததாக்குகிறது, எழுத்துபூர்வ ஒப்பந்தங்களுக்கு அங்கே பொதுவான காலவரம்பு ஐந்து ஆண்டுகள்.

இந்த வரம்பைச் சட்டம் தடை செய்தால், சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்சக் காலத்துக்கு அது தானாகவே மாறிக்கொள்ளும் என்ற வரியும் ஐ.எஸ்.ஓ. படிவத்தில் இருக்கிறது. அது இருக்கும்போது தனி எண்டார்ஸ்மென்ட் எதற்கு என்ற கேள்வியை நான் பலமுறை எதிர்கொண்டேன். நீதிமன்றத்தில் அந்த வரி போதுமானதாக இருக்கலாம். ஆனால் பாலிசியைப் படிப்பவர் பணத்தைப் பறிகொடுத்து நிற்கும் ஒரு சிறு வணிகர். இரண்டு ஆண்டுகள் முடிந்துவிட்டன என்று நம்பி அவர் வக்கீலிடமே போகாமல் இருந்துவிட்டால், மறைந்திருக்கும் அந்த வரி அவருக்கு எந்த உதவியும் செய்யாது. அவருடைய உரிமை அவர் கையிலிருக்கும் தாளில் தெளிவாக இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மாநில இன்சூரன்ஸ் துறைகளிடம் படிவத்தைத் தாக்கல் செய்வது எல்லாம் தேசிய இன்சூரன்ஸ் கமிஷனர்கள் சங்கம் நடத்தும் செர்ஃப் என்ற மின்னணு அமைப்பின் வழியாகவே நடந்தது. சில மாநிலங்களில் ஒப்புதல் கிடைத்த பிறகே படிவத்தைப் பயன்படுத்தலாம், சிலவற்றில் தாக்கல் செய்தவுடனே பயன்படுத்தலாம். ஒரு மாநிலத்தின் ஆய்வாளர் நல்ல ஆட்சேபம் ஒன்றை அனுப்பினார். நேர்மையற்ற செயல் தெரியவந்த உடனேயே அந்த ஊழியரைப் பொறுத்த காப்பீடு நின்றுவிடும் என்ற நிபந்தனை, மாநிலச் சட்டம் கேட்கும் ரத்து அறிவிப்பை மீறாதா என்பது அவர் கேள்வி. அங்கே பாலிசி ரத்தாவதில்லை என்பதையும், உண்மையை அறிந்தவர் பாலிசிதாரரே என்பதால் அவருக்கு முன்னறிவிப்புத் தர வழியே இல்லை என்பதையும் விளக்கினோம். அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் நாங்களாக அறிவிப்பு அனுப்பி ஓர் ஊழியரை விலக்கும்போது தரும் 30 நாட்களை, தம் மாநிலத்தின் ரத்து அறிவிப்புக் காலத்துக்கு உயர்த்தச் சொன்னார். நியாயமான கோரிக்கை என்பதால் உயர்த்தினோம்.

நியூயார்க்கில் வழக்குக் காலத்தைவிட ரத்தும் புதுப்பித்தலும்தான் கடினமானவை. இன்சூரன்ஸ் சட்டத்தின் 3426ஆம் பிரிவின்படி, புதிய பாலிசி 60 நாட்களைக் கடந்துவிட்டால் சட்டம் பட்டியலிடும் காரணங்களுக்காக மட்டுமே அதை இடையில் ரத்து செய்யலாம். புதுப்பிக்க மறுத்தாலோ, காப்பைக் குறைத்துப் புதுப்பித்தாலோ, பாலிசி முடிவதற்கு 60 முதல் 120 நாட்களுக்கு முன்பே காரணத்துடன் அறிவிக்க வேண்டும். எங்கள் புதிய படிவம் பழையதைவிட ஓரிரு இடங்களில் குறுகலானது என்பதால், ஒப்புதல் வந்ததும் எல்லாப் பாலிசிகளிலும் அதைச் சேர்த்துவிட முடியாது. புதிய பாலிசிகளுக்கு ஒரு தேதியையும், அறிவிப்புக் கடிதம் அச்சாகிப் போய்ச்சேர இடம்விட்டுப் புதுப்பித்தல்களுக்குப் பிந்தைய தேதி ஒன்றையும் தாக்கலிலேயே கேட்டுப் பெற்றோம். பாலிசி வெளியிடும் கணினி அமைப்பிலும் அந்த இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் பதிந்த பிறகுதான் நியூயார்க் கோப்பை மூடினேன்.