ப்ரீ-காலேஜ் கோடை: படிப்புக்கும் ஜாலிக்கும் நடுவே நேரம் எங்கே போகிறது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ப்ரீ-காலேஜ் வகுப்புகள் என்றாலே, ‘படிப்பையும் ஜாலியையும் எப்படிச் சமாளிப்பது?’ என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: நீங்கள் சேர்ந்திருப்பது கிரெடிட் (கல்லூரிப் படிப்பின் கணக்கில் சேரும் புள்ளி) உள்ள கோர்ஸா, இல்லாததா? இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே விடுதியில் தங்கலாம், ஒரே டைனிங் ஹாலில் சாப்பிடலாம். ஆனால் ஒருவருடைய டைம்டேபிள் இன்னொருவருக்குச் செல்லாது.

ஹார்வர்டையே எடுத்துக்கொள்வோம். 1871-இல் தொடங்கிய அதன் கோடைப் பள்ளியில் பள்ளி மாணவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு வார ப்ரீ-காலேஜ் ப்ரோகிராம். இதில் கிரெடிட் இல்லை, கிரேடு இல்லை. மற்றது, 4 வாரம் அல்லது 7 வாரம் ஓடும் செகண்டரி ஸ்கூல் ப்ரோகிராம். இது அசல் கல்லூரிக் கோர்ஸ். வாங்குகிற கிரேடு டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரி தரும் மதிப்பெண் பதிவில், ஏறும், அங்கேயே இருக்கும். பின்னால் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது ‘ஏற்கெனவே எடுத்த கல்லூரிக் கோர்ஸ்கள்’ என்ற இடத்தில் அதைக் காட்ட வேண்டியிருக்கும். ‘சும்மா சம்மர்தானே’ என்று வாங்கிய சி கிரேடு கூடவே வரும்.

இப்போது கணக்கு. அமெரிக்காவில் ஒரு கிரெடிட் என்பதன் வழக்கமான அளவு இது: வாரத்துக்கு 1 மணி நேரம் வகுப்பு, வகுப்புக்கு வெளியே குறைந்தது 2 மணி நேரம் வேலை, இப்படிச் சுமார் 15 வாரம். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 45 மணி நேரம். கோடையில் வாரங்கள் குறையுமே தவிர இந்த மணிகள் குறையாது. 3 கிரெடிட் கோர்ஸை 3 வாரத்தில் எடுத்தால் மொத்தம் 135 மணி, வாரத்துக்கு 45. அதில் வகுப்பு 15, தனியே படிப்பது 30. திங்கள் முதல் வெள்ளி வரை பிரித்தால் தினம் 3 மணி நேரம் வகுப்பு, 6 மணி நேரம் படிப்பு. 4 கிரெடிட் கோர்ஸ் ஒன்றை 7 வாரத்தில் எடுத்தால் வாரம் 26 மணி நேரத்துக்குள் அடங்கும். தாராளமாக ஊர் சுற்றலாம். அதே 7 வாரத்தில் அப்படி இரண்டு எடுத்தால் 51-ஐத் தாண்டும். அமெரிக்காவில் முழுநேர வேலைக்குப் போகிறவர்கூட வழக்கமாக வாரம் 40 மணிதான் உழைக்கிறார். ‘போறதுதான் போறோம், ரெண்டா எடுத்துடலாம்’ என்று பெற்றோர் சொல்லும்போது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

3 வாரக் கோர்ஸில் 15 வகுப்பு நாட்கள். சாதாரண செமஸ்டரில் 15 வாரங்கள். ஆக, இங்கே ஒரு நாள் அங்கே ஒரு வாரம். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று படுத்தால் ஒரு வாரப் பாடம் போயிற்று. இரண்டாம் வாரத்தின் நடுவிலேயே மிட்டெர்ம் என்ற இடைத் தேர்வு வந்து நிற்கும். கோர்ஸை விடுவதற்கான கடைசித் தேதியும் அதே வேகத்தில் கடந்துவிடும்: தடம் இல்லாமல் விலகுவதற்கு முதல் சில நாட்கள்தான், அதன் பிறகு விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் ‘டபிள்யூ’ (W, விலகியவர் என்ற குறி) விழும். ஆகவே சிலபஸ் (கோர்ஸின் பாடத் திட்டமும் விதிகளும் உள்ள தாள்) கைக்கு வந்த அன்று இரவே, விடுதியில் அறிமுகக் கூத்து தொடங்குவதற்கு முன், அரை மணி நேரம் உட்கார்ந்து நான்கு விஷயங்களைக் காலண்டரில் ஏற்றிவிடுங்கள்: விலகும் கடைசித் தேதி, ஒவ்வொரு அசைன்மென்ட்டும் எத்தனை சதவீதம், தேர்வுத் தேதிகள், ஆசிரியரின் ஆபீஸ் அவர்ஸ் (சந்தேகம் கேட்க வரும் மாணவர்களுக்கு அவர் ஒதுக்கும் நேரம்). ஏஐ கருவிகளை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்ற விதியும் சிலபஸில்தான் இருக்கும். அது கோர்ஸுக்குக் கோர்ஸ் மாறும், பக்கத்து அறைப் பையன் சொன்னதை நம்ப வேண்டாம்.

சரி, ஜாலிக்கு வருவோம். படிப்பைக் கெடுப்பது ஊர் சுற்றல் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. வாலிபால் ஆடப் போனவன் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பிவிடுவான். நேரத்தைத் தின்பவை இரண்டு பொந்துகள்: மதியம் வகுப்பு முடிந்ததிலிருந்து இரவுச் சாப்பாடு வரை, பிறகு இரவு 11 மணிக்கு மேல் விடுதிக் காமன் ரூம். முதலாவதில் படிக்கவும் இல்லை, ஆடவும் இல்லை. கட்டிலில் படுத்துப் போன். இரண்டாவதில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ‘படிக்கிறோம்’ என்ற பெயரில் பேச்சு. ஒரு மணிக்குப் படுத்து எட்டரைக்கு எழுந்து, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒன்பது மணி வகுப்பில் கொட்டாவி. உண்மையான ஜாலி இந்த இரண்டிலுமே இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்கு ஒரே வழி, கனமான வேலையைப் பகலில் முடித்துவிடுவது. 9 முதல் 12 வரை வகுப்பு என்று வைத்துக்கொண்டால், சாப்பிட்ட கையோடு விடுதிக்குத் திரும்பாதீர்கள். பையோடு நேராக நூலகம். 1 மணி முதல் 4:30 வரை, நடுவில் 15 நிமிட இடைவெளி. கட்டில் கண்ணில் படும் அறையில் இந்த மூன்றே கால் மணி நேரம் ஒருநாளும் தேறாது. 4:30 முதல் 7 வரை விளையாட்டு, குளியல், சாப்பாடு. 7 முதல் 9 வரை அன்றைய நிகழ்ச்சி: படம், இசை, போட்டி, எதுவோ அது. 9 முதல் 11 வரை லேசான வேலை: மறுநாளுக்கான வாசிப்பு, எழுதியதைத் திருத்துவது. 11:30-க்கு விளக்கை அணைத்தால் 7:30 வரை எட்டு மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பதுதான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. இது அதன் கீழ் எல்லை. காமன் ரூம் அரட்டையை அடியோடு விட வேண்டியதில்லை. வெள்ளி, சனி இரவுகளை அதற்கென்று ஒதுக்குங்கள். மறுநாள் வகுப்பு இல்லை, மனசாட்சியும் உறுத்தாது.

ஹார்வர்ட் இருக்கும் பாஸ்டன் பக்கம் வருகிறவர்களை ஏமாற்றும் ஒன்று உண்டு. ஜூலைத் தொடக்கத்தில் அங்கே சூரியன் மறைய மாலை 8:25 ஆகும். வெளியே வெளிச்சம் இருக்கிறதே என்று புல்வெளியில் உட்கார்ந்திருந்தால் ஒன்பது தாண்டியிருக்கும். போனில் 8:45-க்கு ஒரு அலாரம் போதும். பழைய விடுதிகள் பலவற்றில் ஏசி கிடையாது. ஜூலை உக்கிரத்தில் தூக்கம் கெட்டால் டைம்டேபிள் முழுவதும் சரியும். வந்த முதல் நாளே ஒரு சின்ன ஃபேன் வாங்குவது ஆடம்பரம் இல்லை.

இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கோடையில் பாஸ்டன் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். முதல் நான்கைந்து நாட்கள் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு தட்டும், மதியம் கண் சொருகும். அந்தச் சில நாட்கள் மட்டும் மேலே சொன்ன அட்டவணையைத் திருப்பிப் போடுங்கள்: காலை ஐந்து முதல் ஏழு வரை படிப்பு, இரவு பத்துக்குத் தூக்கம். மதியத் தூக்கம் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வீட்டுக்குப் பேச நல்ல நேரம் மதியச் சாப்பாட்டு வேளை. அங்கே 12 மணி என்றால் இங்கே இரவு 9:30, அம்மா அப்பா இருவரும் வீட்டில் இருப்பார்கள். இரவு பத்து மணிக்கு அழைத்தால் இங்கே காலை 7:30. அவர்கள் அவசரத்தில் இருப்பார்கள், நீங்கள் தூக்கத்தைத் தள்ளிப்போடுவீர்கள்.

வேலையைச் செய்யும் விதத்தில்தான் பாதி நேரம் மிச்சமாகிறது. கணிதம், இயற்பியல் போன்ற கோர்ஸ்களில் ப்ராப்ளம் செட் (வீட்டில் போட்டுத் தர வேண்டிய கணக்குகள்) வந்த அன்றே ஒரு மணி நேரம் தனியாக முட்டிப் பாருங்கள். தீராததை மட்டும் குறித்துக்கொண்டு மறுநாள் நண்பர்களோடு உட்காருங்கள். அப்போதும் நிற்பதை ஆபீஸ் அவர்ஸுக்கு எடுத்துப் போங்கள். விடையைத் தனியாக உட்கார்ந்து எழுதுங்கள். இந்த வரிசையை மாற்றி முதலிலேயே கூட்டமாக உட்கார்ந்தால், வேகமான ஒருவன் தீர்க்க மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அசைன்மென்ட்டில் 95, மிட்டெர்மில் 50. ஆபீஸ் அவர்ஸுக்கு ‘புரியல சார்’ என்று வெறுங்கையோடு போனால் பாடத்தையே திரும்பச் சொல்வார்கள். ‘இந்த மூன்றாவது வரியிலிருந்து நான்காவதுக்கு எப்படிப் போனீர்கள்?’ என்று தாளோடு போனால் பத்து நிமிடத்தில் வெளியே வரலாம்.

வாசிப்புக் கோர்ஸ்களில் ஒரு வகுப்புக்கு 80, 100 பக்கம் கொடுப்பார்கள். கனமான கட்டுரை மணிக்கு 20, 25 பக்கத்துக்கு மேல் நகராது. வரிக்கு வரி படித்தால் நான்கு மணி நேரம். முன்னுரையையும் முடிவுரையையும் முழுதாகவும், நடுவில் ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் படித்துவிட்டு, வாதம் திரும்பும் இடங்களில் மட்டும் நின்று படியுங்கள். முடிவில் அரைப் பக்கக் குறிப்பு: ஆசிரியர் என்ன சொல்கிறார், எதை எதிர்க்கிறார், எனக்கு எங்கே சந்தேகம். அந்தச் சந்தேகத்தை வகுப்பில் கேட்டாலே பங்கேற்பு மதிப்பெண் தேறும். சிறுகதைக்கும் கவிதைக்கும் இது செல்லாது, அவற்றை முழுக்கத்தான் படிக்க வேண்டும்.

வார இறுதிக்கு ஒரு பெரிய பயணம், ஒன்றே ஒன்று. ஹார்வர்டின் ஊரான கேம்பிரிட்ஜில் இருந்தால் ஹார்வர்ட் ஸ்டேஷனில் ரெட் லைன் மெட்ரோ ரயில் ஏறி நான்காவது நிறுத்தம் பார்க் ஸ்ட்ரீட். இறங்கினால் பாஸ்டன் காமன் பூங்கா. அங்கிருந்து ஃப்ரீடம் ட்ரெயில் நடை, சுமார் 4 கிலோமீட்டர், 16 வரலாற்று இடங்கள். காலை பத்துக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்குள் நிதானமாகத் திரும்பலாம். ஞாயிறு முழுதும் கையில் இருக்கும். நியூயார்க் பயணம் அப்படி அல்ல. பஸ்ஸில் ஒரு வழிக்கே நான்கு மணி நேரத்துக்கு மேல். விடியலில் கிளம்பி நள்ளிரவில் திரும்பினால் ஞாயிறு மதியம் வரை உடம்பு எழாது. பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்பது கனவு, பலருக்குத் தலை சுற்றும். போகத்தான் வேண்டும் என்றால் முதல் வார இறுதியில் போங்கள், தேர்வுக்கு முந்தையதில் வேண்டாம். திங்களன்று கட்டுரை கொடுக்க வேண்டுமானால் வியாழன் இரவு மையக் கருத்தை ஒரு வரியில் எழுதி, வெள்ளி மதியம் கரடுமுரடாகவாவது முழு வரைவை முடித்துவிட்டு, சனிக்கிழமை ஊர் சுற்றுங்கள். ஞாயிறன்று திருத்தம் மட்டும். வெறும் தாளோடு ஞாயிறு மாலை உட்காருகிறவருக்குச் சனிக்கிழமையும் இனித்திருக்காது. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 வாணவேடிக்கைக்கு சார்ல்ஸ் நதிக்கரையில் கூட்டம் நெரியும், ரயிலில் திரும்ப நேரமாகும். 5-ஆம் தேதி கொடுக்க வேண்டியதை 3-ஆம் தேதியே அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் பின்தங்கினால்? இரண்டு நாள் பாடம் விட்டுப்போனவர்கள் வழக்கமாகச் செய்வது, விட்ட இடத்திலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பிப்பது. அதற்குள் இன்றைய பாடமும் போய்விடும், கடன் குட்டி போடும். இன்றைய வகுப்பையும் இன்றைய வாசிப்பையும் முதலில் பிடியுங்கள். விட்டதில் தேர்வுக்கு வருவதை மட்டும் ஒரு நண்பரின் குறிப்பிலிருந்து எடுங்கள். ஆசிரியருக்கு அன்றே மின்னஞ்சல் எழுதுங்கள்: என்ன விட்டது, எந்தத் தேதிக்குள் தர முடியும், இரண்டே வரி. கெடு முடிந்தபின் வரும் மன்னிப்பைவிட முன்கூட்டிய வேண்டுகோளுக்குத்தான் காது கொடுப்பார்கள். அந்த இரண்டு நாளும் இரவு நிகழ்ச்சிகளை விடலாம்; தூக்கத்தை விடக்கூடாது.

கிரெடிட் இல்லாத இரண்டு வாரக்காரர்களுக்கு இதில் பாதி தேவையில்லை. வகுப்பு, வீட்டுவேலை எல்லாம் சேர்ந்து மாலைக்குள் முடிகிற அளவுதான் இருக்கும். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த பிள்ளைகளோடு சாப்பிடுவதும் சுற்றுவதும்தான் அங்கே பெரிய பாடம். காசு கட்டிச் சேரும் ப்ரோகிராம் அதே கல்லூரியில் இடம் வாங்கித் தராது என்பதைப் பெற்றோரும் மனதில் வைத்துக்கொண்டால், பிள்ளைகள் நிம்மதியாக அந்த இரண்டு வாரத்தை அனுபவிப்பார்கள். அங்கே இடறும் ஒரே இடம், இறுதி நாளில் குழுவாகச் செய்துகாட்டும் ப்ராஜெக்ட். முதல் வார வெள்ளிக்குள் யாருக்கு எந்தப் பகுதி என்று பிரிக்காத குழு, இரண்டாம் வார வியாழன் இரவில் ஒருவர் தலையில் மொத்தத்தையும் கட்டும்.

விளையாட்டுக்கு எல்லை எது என்பதில் மட்டும் சமாதானமே இல்லை. விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை மீறுவது, மது, இரண்டும் வீட்டுக்கு அனுப்பக்கூடிய குற்றங்கள். கட்டிய பணமும் திரும்பாது. அமெரிக்காவில் மதுவுக்குச் சட்டப்படி வயது 21.

கடைசி வாரத்துக்கு ஒரு யோசனை. தேர்வு முடிகிற அன்று மதியமே விமானம் பிடிப்பதுபோல் டிக்கெட் போடாதீர்கள். பெட்டி கட்டுவது, அறைச் சாவி ஒப்படைப்பது, பிரிவுபசாரம் எல்லாம் தேர்வுக்கு முந்தைய இரவில் வந்து குவியும். விடுதியை எந்தத் தேதி, எத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொண்டு, அதற்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் போடுங்கள். துணிகளைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே துவைத்துவிடுங்கள். கடைசி இரவு வாஷிங் மெஷின் ஒன்றுகூடக் காலியாக இருக்காது.