பாங்காக்கில் விரிசல் விழுந்த வீட்டுக்குத் திரும்பிய கதை

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் 1.20 மணியளவில், பாங்காக்கில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் அடுக்ககத்தின் 24-ஆம் மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலை சுற்றியது, இரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்றே நினைத்தேன். மேசைக்கு மேல் தொங்கிய விளக்கு இங்குமங்கும் வீசியாடுவதை அம்மா சுட்டிக்காட்டிய பிறகுதான், ஆடுவது கட்டடம் என்பது விளங்கியது. முட்டிவலிக்காரரான அம்மாவைப் படிக்கட்டு வழியாகக் கீழே கொண்டுவர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நிலநடுக்கத்தின் மையம் மியன்மாரின் மண்டலைக்கு அருகே, எங்களிடமிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அளவு 7.7. அவ்வளவு தூரம் கடந்து வருவதற்குள் வேகமான அதிர்வுகள் தேய்ந்துவிட, மெதுவாக அசைக்கும் நீண்ட அலைகளே மிஞ்சுகின்றன என்றும், பாங்காக்கின் அடியிலுள்ள மென்களிமண் அவற்றைப் பெரிதாக்குகிறது என்றும், இயல்பிலேயே மெதுவாக ஆடக்கூடிய உயரக் கட்டடங்கள் அந்த அலைகளோடு சேர்ந்து ஆடிவிடுகின்றன என்றும் பின்னர் பொறியாளர் ஒருவர் விளக்கினார். பாங்காக்கின் சதுசாக் பகுதியில் கட்டி முடிக்கப்படாத, 30 மாடிகளுக்கு மேற்பட்ட கட்டடம் ஒன்று சில நொடிகளில் தரைமட்டமான செய்தி, பூங்காவில் உட்கார்ந்திருந்தபோதே கைபேசிக்கு வந்துவிட்டது. நகர ரயில்கள் நின்றுவிட்டதால் மனைவி அலுவலகத்திலிருந்து இரண்டரை மணி நேரம் நடந்து எங்களிடம் வந்து சேர்ந்தார்.

அன்றிரவு உள்ளே செல்ல அனுமதியில்லை. மறுநாள் பொறியாளர்கள் தூண்களையும் உத்திரங்களையும் பார்த்துவிட்டுப் பச்சை என்று சொன்னார்கள், அதாவது, குடியிருக்கலாம். மஞ்சள் என்றால் கூடுதல் ஆய்வு வேண்டும், சிவப்பு என்றால் நுழையக் கூடாது. ஆனால் மின்தூக்கிகளின் சோதனை முடிய மேலும் இரண்டு நாள் ஆனதால், அம்மாவை நண்பர் வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் ஏறிப் போய்ப் பார்த்தேன்.

வரவேற்பறைச் சுவரில் மூலைக்கு மூலை விரிசல். படுக்கையறைக் கதவு திறக்கவில்லை. பார்த்ததும் வயிறு கலங்கியது உண்மை. அறைகளைப் பிரிக்கும் செங்கல் சுவர் கட்டடத்தின் பாரத்தைத் தாங்குவதில்லை, ஆகவே பூச்சு வெடித்திருப்பதால் மட்டும் கட்டடம் பலவீனமாகிவிட்டது என்று கொள்ள வேண்டாம் என்றார் பொறியாளர். தூணிலோ உத்திரத்திலோ குறுக்காக விரிசல் ஓடியிருந்தாலும், கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தாலும் உடனே வெளியேறிவிட வேண்டும் என்று எச்சரித்தார். விரிசலின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிவைக்கச் சொன்னார்; கோட்டைத் தாண்டினால் விரிசல் வளர்கிறது என்று பொருள். இந்த எளிய யோசனை எங்களுக்குத் தந்த நிம்மதியை எந்தச் சான்றிதழும் தரவில்லை.

அடுத்தது இழப்பீடு. இங்கே ஒவ்வோர் அடுக்ககத்துக்கும் சட்டப்படி ஒரு நிர்வாக அமைப்பு உண்டு. தாய்லாந்து மொழியில் அதைச் சுருக்கமாக 'நித்தி' என்பார்கள். நம்முடைய 'நீதி'தான் அது. பொதுச் சுவர்கள், மின்தூக்கி முதலியவற்றுக்கான காப்பீடு அவர்கள் பொறுப்பு. வீட்டுக்குள் நேர்ந்த சேதத்துக்கு யார் பணம் தருவது என்பதில்தான் இழுபறி. நகராட்சி அறிவித்த உதவித்தொகையின் உச்சவரம்பு ஒரு வீட்டுக்கு 49,500 பாட். அதற்கு வீட்டு உரிமையாளர் அம்மையார் விண்ணப்பித்தார், தாய்லாந்து மொழி தெரிந்தவள் என்பதால் என் மனைவியும் உடன் சென்றாள். காவல் நிலையத்துப் பதிவு, வீட்டுப் பதிவேடு, படங்கள் எல்லாம் கொடுத்தும், முதல் முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்: அண்மைக்காட்சிகள் மட்டும் இருந்ததால், எந்த அறையின் எந்தச் சுவர் என்பது தெரியவில்லையாம். ஆகவே முதலில் முழு அறையையும், பிறகு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து விரிசலையும் படமெடுங்கள். அதுவரை பூச்சுக்காரரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இந்த அலைச்சலின் நடுவே எங்கள் தளத்தைத் துப்புரவு செய்யும் பெண் நான்கு நாட்கள் வேலைக்கு வரவில்லை. மண்டலைப் பக்கத்துக்காரர். அங்கே தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்தது. 3,000 பேருக்கு மேல் இறந்ததாக அந்நாட்டு அரசே பின்னர் அறிவித்தது. ஐந்தாம் நாள் வந்தவர், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், வீடு இல்லை என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். அன்று பிற்பகல் 49,500 பாட் பற்றி மனைவியுடன் பேசுவதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசியில் உரிமையாளர் கைக்கு வந்தது சில ஆயிரம் பாட் மட்டுமே. மீதிச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். நாங்கள் ஒரு மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்தோம். பென்சில் கோட்டை விரிசல் தாண்டவில்லை என்பதை இரண்டு மாதம் பார்த்த பிறகே சுவரைப் பூசினோம். கதவை மட்டும் இன்னும் சற்று அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கிறது.