தெர்மாகோல் பெட்டியில் வந்த ஊசி

நாங்கள் பாம்பன். அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று மதுரையில் பயாப்சி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஒரு வரி மட்டும் கண்ணிலேயே நின்றது: கட்டிக்குள் லிம்போசைட் 10 சதவீதம். அது எதிர்ப்புச் சக்தி தரும் வெள்ளையணு ஆயிற்றே, உள்ளேயே நிற்கிறது என்றால் கட்டி எப்படி வளர்ந்தது? தெருவில் எல்லாரும் "எதிர்ப்புச் சக்தி இல்ல, அதான் வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் வேறு.

டாக்டரிடமே கேட்டுவிட்டேன். லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல் சொந்த உடம்பையே தாக்கிவிடக் கூடாதென்று அதன் மேல் பிடி-1 என்றொரு பிரேக் இருக்கிறதாம். சில புற்றணுக்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி அந்தப் பிரேக்கை மிதித்துவிடும். மேக்ரோஃபேஜ் என்று கிருமிகளை விழுங்குகிற அணு ஒன்று உண்டு, அதையும் கையில் போட்டுக்கொண்டு தனக்கு ரத்தக் குழாய் வளர்க்க வைத்துவிடும். வீட்டில் சொன்னேன். அப்பா நாட்டுப்படகுக்காரர், "இன்ஜின் ஓடுது, நங்கூரம் தூக்கல" என்றார். இந்த மாதிரிப் பிரேக்குகளை எடுத்துவிடும் சிகிச்சைக்கு வழி காட்டியதற்காகத்தான் 2018இல் ஆலிசன், ஹோன்ஜோ என்ற இரண்டு விஞ்ஞானிகளுக்கு நோபல். அம்மாவின் வகைக்கு அந்த மருந்து வேண்டாம், கீமோ கொடுத்தால் போதும் என்றார்கள்.

எதிர்ப்புச் சக்தி நிஜமாகவே குறைந்தது அப்புறம்தான். 21 நாளுக்கு ஒரு கீமோ. எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பெருகும் அணுக்களையும் மருந்து அடித்துவிடுவதால், கிருமியோடு சண்டை போடும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு சரிந்துவிடும். கணக்கு போட நர்ஸ் அக்கா சொல்லிக்கொடுத்தார்: மொத்த வெள்ளையணு 1,500, அதில் நியூட்ரோபில் 40 சதவீதம், ஆக 600. அம்மாவுக்கு நியூட்ரோபில் மட்டுமே 1,500 இருந்தால்தான் அடுத்த கீமோ. பக்கத்து வீட்டு அத்தை கொண்டுவந்த பப்பாளி இலைச்சாற்றை, பச்சையாக எதுவும் கூடாதென்று சொல்லித் திருப்பி அனுப்பினோம். அத்தைக்கு இன்னும் வருத்தம்தான்.

இரண்டாவது சுற்றிலிருந்து, மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோபிலை ஏற்றுகிற ஃபில்கிராஸ்டிம் ஊசி. கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், அதனால் ஊருக்கு எடுத்துவர வேண்டியதாயிற்று. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. தம்பி மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டியைத் தேய்த்துக் கழுவி எடுத்துவந்தான், நாற்றம் மட்டும் போகவில்லை. அடியில் ஐஸ், மேலே மடித்த துண்டு, அதற்கும் மேலே ஊசி டப்பா. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் "என்ன மீன்?" என்று கேட்டார்.

ஊசி போட்ட மறுநாள் அம்மாவுக்கு இடுப்பெலும்பில் குடைச்சல், உட்காரவே முடியவில்லை. மஜ்ஜை வேலை செய்கிற வலிதான் அது என்று தெரியாமல் நான்தான் பதறிப்போனேன்.

நாலாவது சுற்றில் 10ஆம் நாள் ராத்திரி காய்ச்சல் 101. கீமோ எடுப்பவர்களுக்கு 100.4ஐத் தொட்டாலே விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பாராசிட்டமால் கொடுத்துப் பார்ப்போம் என்ற பெரியப்பாவிடம் சண்டை போட்டுக் காரை வரவழைத்து ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தோம். நியூட்ரோபில் 300. உடனே ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள், அஞ்சாம் நாள் 2,100.

ஆறு சுற்றும் முடிந்தது. பெட்டி திரும்பப் படகுக்குப் போய்விட்டது.