கப்பல் சண்டையில அஞ்சு சீட்டுக்கும் வேலை: இதுவரைக்கும் செஞ்சு பாத்தது

எங்க டர்பன் சாட்ஸ்வொர்த் டேபிள்ல ஸ்டார்ஃபைண்டர் ஓடிட்டு இருக்கு: ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்து டைஸ் உருட்டி ஆடற விண்வெளி கதை விளையாட்டு, 2017ல வந்த முதல் எடிஷன். தரையில நடக்கற சண்டையெல்லாம் ஜோரா போகுது, ஆனா விண்கப்பல் சண்டைன்னு ஹெக்ஸ் (அறுகோண கட்டம்) போட்ட ஷீட்ட விரிச்சாலே ரெண்டு பேரு போன எடுத்துடுவாங்க. பைலட் கப்பல நகர்த்துறான், கன்னர் சுடறாரு, மத்த மூணு பேரும் ஒரு டைஸ் உருட்டி "ப்ளஸ் டூ வச்சுக்கோ"ன்னு சொல்லிட்டு சமோசா தட்டு பக்கம் போயிடறாங்க. அதான் கொஞ்ச நாளா இந்த ஒரு விஷயத்தையே நோண்டிட்டு இருக்கேன்.

ஆடிப்பாக்காதவங்களுக்கு: ஒரு ரவுண்டுல இன்ஜினியரிங், ஹெல்ம் (கப்பல ஓட்டறது), கன்னரி (சுடறது)ன்னு மூணு கட்டம். இன்ஜினியர் முதல்ல. ஹெல்ம்ல ரெண்டு பைலட்டும் உருட்டுவாங்க, கம்மியா விழுந்தவன் முதல்ல நகரணும், ஜெயிச்சவன் எதிரி எங்க போய் நிக்கறான்னு பாத்துட்டு சாவகாசமா நகருவான். சயின்ஸ் ஆபீசர் தன் கப்பல் நகர்றதுக்கு முன்னாடியோ பின்னாடியோ தன் வேலைய முடிச்சுக்கலாம். கன்னரில ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சுட்ட கணக்குதான், வெடிக்கப்போற கப்பலும் ஒரு அடி குடுத்துட்டுதான் போகும். கேப்டன் எந்த கட்டத்துலயும் வாய தொறக்கலாம்.

முதல் மாத்தம் ரூல்ல இல்ல, டேபிள்ல. எங்க கப்பல் எக்ஸ்ப்ளோரர் பிரேம் (கப்பல் மாடல்), டியர் (கப்பலோட லெவல்) 2, ஹல் பாயிண்ட் (கப்பல் உடம்பு தாங்கற அடி) 55, ஷீல்டு (அதுக்கு முன்னாடி அடி வாங்கற கவசம்) 40. நாலு சின்ன எவர்சில்வர் கிண்ணத்த கப்பல் ஷீட்ட சுத்தி முன்ன, பின்ன, இடது, வலதுன்னு வச்சு ஒவ்வொண்ணுலயும் பத்து சுகர் பீன்ஸ் போட்டேன். வலது பக்கம் அடி விழுந்தா வலது கிண்ணத்துலேருந்து எடு, காலியாயிட்டா மிச்சம் ஹல்லுக்கு. பேப்பர்ல நம்பர அழிச்சு அழிச்சு எழுதினப்ப யாரும் கண்டுக்கல, கிண்ணம் காலியாகறத பாத்ததும் சயின்ஸ் சீட்டுல இருந்த தங்கச்சி அவளாவே "பேலன்ஸ் பண்ணட்டுமா"ன்னு கேட்டா. ஒரு பக்க ஷீல்ட இன்னொரு பக்கத்துக்கு தள்ற ஆக்ஷன் அது, எடுக்கற கிண்ணத்துல மொத்தத்துல 10 சதவீதமாவது விட்டு வைக்கணும்.

அடுத்தது ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு அட்டை. ஒரு வேலை பலிக்க டைஸ்ல எட்ட வேண்டிய எண்ணுக்கு டிசின்னு பேரு. சில டிசி 15லேருந்து ஆரம்பிக்கும், ஆனா முக்காவாசி 10, அதோட டியர்ல ஒண்ணரை மடங்கு, நம்ம டியருக்கு 13. அத அட்டையிலயே எழுதிட்டேன், நடுவுல யாரும் புக்க பொரட்ட வேணாம். பழைய அச்சு வச்சிருக்கவங்க எர்ரேட்டாவ (திருத்தப் பட்டியல) பாத்துக்கோங்க, பழைய அச்சுல ரெண்டு மடங்குன்னு இருக்கும், லெவல் ஏற ஏற அதே வேலை கஷ்டமாயிட்டே போகும், அது எனக்கு சுத்தமா பிடிக்கல.

கேப்டன் சீட்டுல பெரியம்மா. முப்பது வருஷம் டீச்சரா இருந்தவங்க, டிமாண்ட் அட்டைய பாத்ததும் முகத்துல ஒரு சிரிப்பு. அதட்டி +4 வாங்கிக் குடுக்கலாம், ஆனா ஒரே ஆள ஒரு சண்டையில ஒரு தடவதான். "ஏன்டா, ஒரு தடவ சொன்னா கேக்கற பசங்களா இவனுங்க?"ன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்தாங்க. ரூல மாத்தல, என்கரேஜ் பண்ணி +2 குடுங்க பெரியம்மான்னு சொல்லி சமாளிச்சேன்.

இன்ஜினியர் சீட்டுதான் ரொம்ப நாளா செத்துக் கெடந்துச்சு. பவர டைவர்ட் பண்ணி ஷீல்டுக்கு குடு, அடுத்த ரவுண்டும் அதையே குடு, அவ்வளவுதான். எங்க பவர் கோர் (கப்பலுக்கு பவர் குடுக்கற மெஷின்) 100 பிசியூ (பவர் அளவு), அதுல 5 சதவீதம், அதாவது அஞ்சு பீன்ஸ் திரும்பி வரும். இங்கதான் சொந்தமா ஒரு ரூல் போட்டேன்: போன ரவுண்டு செஞ்ச அதே வேலைய திரும்ப செஞ்சா டிசி 2 ஏறும். இன்ஜினுக்கு குடுத்தா வேகம் +2, வெப்பனுக்கு குடுத்தா டேமேஜ் டைஸ்ல 1 விழுந்தா 2ன்னு கணக்கு, இதெல்லாம் ஆரம்பத்துலேருந்தே புக்குல இருந்ததுதான், யாரும் தொடாம கெடந்துச்சு. இந்த சீட்டுல அத்தை பையன். 2023ல ஸ்டேஜ் 6 லோட்ஷெடிங் (முறை வச்சு கரண்ட் கட்) ஓடினப்ப வீட்டு இன்வெர்ட்டர்ல ஃப்ரிட்ஜா வைஃபையான்னு முடிவு பண்ணிட்டு இருந்த ஆளு, இந்த வேலை அவனுக்கு கையோட வந்துடுச்சு.

கூடவே எங்க கப்பல், எதிரி கப்பல் ரெண்டோட மொத்த ஷீல்டையும் 30 ஆக்கிட்டேன். சண்டை சீக்கிரம் முடியும்னுதான் செஞ்சேன், ஆனா அதுல வேற ஒரு லாபம்: கிரிட்டிகல் (கப்பலோட ஒரு சிஸ்டத்த கெடுக்கற அடி) அடிக்கடி விழ ஆரம்பிச்சுது. ஹல்ல அஞ்சுல ஒரு பங்குதான் கிரிட்டிகல் த்ரெஷோல்டு, எங்களுக்கு 11. மொத்த டேமேஜ் 11, 22, 33னு தாண்டற ஒவ்வொரு தடவையும் நூறு பக்க டைஸ் உருட்டி எந்த சிஸ்டம் அடி வாங்குச்சுன்னு பாக்கணும். அத நான் மறைச்சு உருட்டாம அடிவாங்கின டீம் கையிலயே குடுத்துட்டேன். போன ஞாயித்துக்கிழமை பெரியம்மாவே உருட்டினாங்க, 83. பவர் கோர். பின் கிண்ணம் காலி, கோர் கிளிட்ச் (லேசான கோளாறு) ஆகி இன்ஜினியர் வேலைக்கெல்லாம் -2, பேட்ச் (ரிப்பேர்) பண்றதுக்கும் ஹோல்ட் இட் டுகெதருக்கும் (கெட்ட சிஸ்டத்த தற்காலிகமா தாங்கிப் பிடிக்கறது) மட்டும் அது கெடையாது. கோர ஒட்டறதா இல்ல அந்த -2வோட உருட்டி அஞ்சு பீன்ஸ் வாங்கறதா? டேபிள்ல ஆளாளுக்கு கத்தினாங்க, அத்தை பையன் பேட்ச் பண்ணான், தங்கச்சி இடது கிண்ணத்துலேருந்து நாலு பீன்ஸ எடுத்து பின்னாடி போட்டா, பைலட் எவேட் (அடிக்கு வளைஞ்சு தப்பிக்கறது) போட்டு ஏசி (எதிரி நம்மள அடிக்க எட்ட வேண்டிய எண்) +2 வாங்கினான். போன் எதுவும் டேபிள்ல இல்ல.

இன்னும் இழுக்கறது ஹெல்ம் கட்டம்தான். பைலட் ஹெக்ஸ் எண்ணி, திரும்பறதுக்கு முன்னாடி எத்தன ஹெக்ஸ் நேரா போகணும்னு எண்ணி, திருப்பி முதல்லேருந்து எண்ணுவான். அடுத்த தடவ மணல் கடிகாரம் வச்சுப் பாக்கலாம்னு இருக்கேன், அவனுக்கு இன்னும் சொல்லல.