அரைப்பேரும் அரைத் தூக்கமும்

பெப்ரவரி 14

கண்டியில் சனிக்கிழமை வகுப்பு. மலையகத் தேயிலைத் தோட்டச் சனத்துக்கு அவர்கள் பண்பாட்டை அறிந்து உளச்சிகிச்சை செய்வது பற்றி ஆளுக்கொரு குறிப்பு எழுதிவரச் சொல்லியிருந்தேன். வந்ததில் முக்கால்வாசி மாடசாமி வழிபாடு, செய்வினை, கண்ணூறு, குறி சொல்லும் கோடாங்கி. கொழும்புப் பிள்ளைகள் அப்படி எழுதினால்கூடப் பரவாயில்லை, பொகவந்தலாவைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளையும் சுற்றுலா வந்தவர் மாதிரியேதான் எழுதியிருக்கிறது. சம்பளம் எங்கே என்று கேட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுக்கிறதே, அது எங்கே?

தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டம், அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்த 1964 ஒப்பந்தம் என்று நான் தொடங்கியதும் "மிஸ், அது அரசியல்தானே" என்றாள் ஒருத்தி. அண்ணன் இந்தியாவுக்குக் கப்பலேற, தம்பி இங்கேயே நின்றுவிட்ட வீட்டில் வளர்ந்தவரிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்கும்போது அரசியலை எங்கே கழற்றி வைப்பது?

2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டில் பண்பாட்டு நேர்காணல் என்று 16 கேள்விகள் இருக்கின்றன. நல்ல கேள்விகள்தான். உங்கள் பிரச்சினைக்கு என்ன காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று ஆளிடமே கேட்கச் சொல்கிறது. பிள்ளைகள் பதிலையும் சேர்த்து வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அதுதான் சிக்கல்.

பெப்ரவரி 16

ஹட்டன் பக்கம் கிளினிக். (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கொழுந்து பறிக்கும் அக்கா, தலையிடி, நெஞ்சடைப்பு, எல்லா டெஸ்டும் சரி, அதனால் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். கூடவே மாமியார். தனியாகப் பேசு என்று பாடப்புத்தகம் சொல்லும், ஆனால் மாமியாரை எடுத்தவுடன் வெளியே அனுப்பினால் வீட்டுக்குப் போனதும் அந்த அக்காவுக்குத்தான் விசாரணை நடக்கும். முதலில் அவரிடமே பேசினேன். கோடாங்கியிடம் குறி கேட்ட கதையெல்லாம் சொல்லி முடித்து அவர் டீ குடிக்கப் போன பிறகுதான் இவர் வாய் திறந்தார்.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளை எடுத்தேன். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி, மொத்தம் 27 புள்ளி. தூக்கம்? விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைத்துவைத்துவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர் என்ன சொல்வார். களைப்பு? சிரித்தார். "மலை ஏறி எறங்குற பொம்பளகிட்ட கேக்குற கேள்வியா டொக்டர்?" (நான் டொக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்து, அந்த முயற்சியைக் கைவிட்டாயிற்று.) அதற்காகத் தாளைக் குப்பையில் போடுவதில்லை. சாகத் தோன்றுகிறதா என்ற ஒன்பதாவது கேள்வியைச் சுற்றிவளைக்காமல் எப்போதும் கேட்பேன். மற்றதற்கெல்லாம், முந்தியும் இப்படித்தானா, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு கேள்வி சேர்த்துக்கொள்கிறேன்.

அப்படிக் கேட்டதில்தான் விஷயம் வந்தது. குவைத்துக்குப் போன மகளிடமிருந்து போன் வருவது நின்றிருக்கிறது. சிக்னல் கிடைப்பது மேட்டு மலையில்தான், வேலை நேரத்தில் அங்கே ஏறிப்போய் நிற்கிறார், பறிக்கும் கொழுந்தில் கிலோ குறைகிறது, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுகிறது, அரைப்பேர் ஏன் என்று வீட்டில் சண்டை. நெஞ்சு அடைக்காமல் என்ன செய்யும்?

பெப்ரவரி 21

வகுப்பில் தற்கொலை பற்றிய பாடம். "நம்ம சனம் அவசரப்படுற சனம், அது கலாசாரம்" என்று ஒரு மாணவர். இந்தப் பேச்சுக்கு நான் கொஞ்சம் கோபப்படுவதுண்டு. 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 தற்கொலை, உலகத்திலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. அந்த ஆண்டில் கொடிய நச்சுள்ள பூச்சிகொல்லிகளுக்குத் தடை வந்தது, 1998இல் எண்டோசல்பானுக்கும். 2005 ஆகும்போது எண்ணிக்கை பாதியாகிவிட்டது. பத்து வருஷத்தில் ஒரு சனத்தின் கலாசாரமா மாறியது? கைக்கெட்டிய போத்தல்தான் மாறியது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எல்லாரையும் போனில் சேமிக்க வைத்துவிட்டு அனுப்பினேன்.

மார்ச் 1

நேற்று ராத்திரி தோட்டத்தில் காமன் தகனம், காமன் கூத்தில் மன்மதனைச் சிவன் எரிக்கும் கட்டம். அவன் மனைவி ரதி வேஷம் கட்டிய பையன் ஒப்பாரி எடுத்ததும் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பக்கத்தில் நின்ற மாணவி "மிஸ், இது குரூப் தெரபி" என்றாள். தெரபி என்று சொன்னால்தான் மரியாதையா? கூத்தைக் கிளினிக்குக்குள் இழுத்துவர எனக்கு ஆசை இல்லை. ஆனால் வருகிறவர்களிடம் இந்த வருஷம் காமன் பார்க்கப் போனீர்களா என்று கட்டாயம் கேட்பேன். வருஷா வருஷம் போகிறவர் இந்த முறை காம்பராவிலேயே படுத்துக்கிடந்தார் என்றால் அது எந்தப் புள்ளியையும்விட எனக்கு அதிகம் சொல்லும்.

மார்ச் 4

அந்த அக்கா வந்தார், இந்த முறை தனியாக. மூச்சுப் பயிற்சி கொஞ்சம் செய்கிறாராம், வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, பிள்ளைகள் சிரித்தாலும் பரவாயில்லை என்று. மாமியாருடன் பேச ஒரு வழி ஒத்திகை பார்த்தோம். அப்புறம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு மகளைப் பற்றி முறைப்பாடு எழுதினோம், மாணவிதான் எழுதிக்கொடுத்தாள். பாஸ்போர்ட் கொப்பி, ஏஜென்சி பெயர் எல்லாம் தேடி எடுக்கவே பாதி நேரம் போய்விட்டது. "இதையும் சிகிச்சைக் குறிப்பில் எழுதலாமா மிஸ்?" எழுது என்றேன்.

கிளினிக்குக்கு வந்த நாளுக்குத் தோட்டத்தில் காட்ட ஒரு துண்டும் கேட்டார், எழுதிக்கொடுத்தேன், ஒத்துக்கொள்வார்களோ தெரியாது. அடுத்த தவணை 11ஆம் திகதி. சம்பளத்துக்கு மறுநாள், பஸ் காசு கையில் இருக்கும்.