நான்கு பூஜ்யங்கள்

பெங்களூரு எஸ்.பி. சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மாடியில் எங்கள் பட்டறை இருக்கிறது. பழைய சர்வர்களை வாங்கித் தூசி தட்டி, பழுது பார்த்து விற்கிறோம். விற்பதற்கு முன் ஒவ்வொன்றையும் பன்னிரண்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓட விடுவது வழக்கம். இரவில் அதைக் கவனிப்பவர்கள் கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்துத் தம்பிகள். ஐடிஐ படித்தவர்கள், கைவேலையில் கெட்டிக்காரர்கள். ஆங்கிலக் கையேட்டை நீட்டினால் மட்டும் முகம் சுருங்கும்.

சுமை ஏற்றுவதற்கு ஸ்ட்ரெஸ்-என்ஜி என்ற மென்பொருள். ஆமோஸ் வாட்டர்லேண்ட் எழுதிய ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சிறு கருவியைப் பின்பற்றி காலின் இயன் கிங் புதிதாக எழுதியது. இப்போது அதில் முந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகள் உண்டு. அதன் மூலக் கையேடு நீளமானது. ஆனால் தெரிய வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. கோளாறு, நான் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பில்.

அதில் ‘0 என்றால் எல்லாம்’ என்று ஒரு வரி. சிபியு (பிராசஸர்) ஆப்ஷனுக்கு அது சரிதான்: பூஜ்யம் கொடுத்தால், இயங்கும் கோர்களின், அதாவது பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகளின், எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லாவற்றுக்கும் வேலை வைக்கும். ஒரு சனிக்கிழமை இரவு ஒரு தம்பி நேரத்துக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். ‘எல்லாம்’ என்றால் வழக்கமான முழு நேரம் என்று அவன் கணக்கு. நேரத்துக்குப் பூஜ்யம் கொடுத்தால் நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் கல்யாண வீட்டு அடுப்படி மாதிரி அனல். ஒரு மின்விசிறி மட்டும் செத்திருந்தது. மின்கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

திட்ட வாயெடுத்தேன். “அண்ணே, 0 என்றால் எல்லாம் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?” என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று இரவே மூலக் கையேட்டைத் திறந்து பூஜ்யங்களை மட்டும் தேடினேன். மூன்றாவது ஒன்று கிடைத்தது: சுமை எத்தனை சதவீதம் என்று கேட்கும் இடத்தில் பூஜ்யம் போட்டால் சும்மா தூங்கும். ஒரே எண்ணுக்கு ஓர் இடத்தில் ‘எல்லாம்’, ஓர் இடத்தில் ‘முடிவில்லை’, ஓர் இடத்தில் ‘ஒன்றுமில்லை’. நான்காவதுதான் எங்களுக்குப் பணநஷ்டம் வைத்தது. ஓடி முடிந்ததும் கருவி ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 0 வந்தால் தேறியது, வேறு எது வந்தாலும் பழுது என்று எழுதி வைத்திருந்தேன். உண்மையில் 2 வந்தால்தான் ஏதோ ஒரு சோதனை தோற்றது என்று பொருள். 3 என்றால் சோதனையைத் தொடங்க நினைவகம் போன்ற வளம் போதவில்லை. 4 என்றால் அந்தச் சோதனை அந்த இயந்திரத்தில் இல்லவே இல்லை. இந்த இரண்டு எண்களுக்காக நல்ல சர்வர்களை மூலையில் அடுக்கி வைத்திருந்தோம்.

அதைவிட மோசம், 0 வந்ததை நம்பியது. சரிபார்க்கும் ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுக்காவிட்டால், கணக்கின் விடை சரியா என்று பார்க்காமலே பல சோதனைகள் முடிந்துவிடும். கொடுத்தாலும் எல்லாச் சோதனைகளிலும் அந்த வசதி இல்லை. வெப்பம் இன்னொரு கதை. பிராசஸர் தன் எல்லையைத் தொட்டதும் (பல இன்டெல் வகைகளில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி) தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும். சோதனையும் ஒழுங்காக முடிந்து 0 தரும். பிராசஸரின் சூட்டை வெளியே கடத்தும் வெப்பப் பசை காய்ந்துபோன இயந்திரம் இப்படித் தேறி, வாங்கியவரிடம் போய்த் தவழும். அதனால் வெப்பநிலையை எழுத ஒரு கட்டம் சேர்த்தேன். சில இயந்திரங்களில் கருவிக்கு அந்த அளவே கிடைக்காது. அங்கே கோடு போட்டுவிட வேண்டும். சோதனை எத்தனை சுற்று ஓடியது என்று இறுதியில் வரும் ‘போகோ’ எண்ணை வைத்து இரண்டு சர்வர்களில் எது வேகம் என்று பந்தயம் கட்டக் கூடாது என்றும் ஒரு வரி. அது அளவுகோல் அல்ல என்று மூலக் கையேடே சொல்கிறது.

புதிய குறிப்பை அப்படியே ஒட்டிவிடவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் கொடுத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே செய்யச் சொன்னேன். பின்னால் உட்கார்ந்து, அவன் தயங்கிய இடங்களில் எல்லாம் கோடு போட்டேன். பேசாமல் இருந்ததுதான் பெரிய பாடு. ‘செயலி சூடாகிறதா பார்’ என்ற வரியில் நின்றுவிட்டான். “எந்தச் செயலி அண்ணா? போனில் இருப்பதா?” பிராசஸருக்கும் செயலி, ஆப்புக்கும் செயலி என்று நாமே வைத்துக்கொண்ட வம்பு. பிராசஸர் என்றே திருத்தினேன். பிராசஸரில் ஓடும் ஒரு வேலைத் தொடரை ‘இழை’ என்று அழகாகத் தமிழாக்கியிருந்ததும் த்ரெட் ஆகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்று முறை இப்படி நடந்தது. பூஜ்யம் வரும் ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்துப் பொருளை அங்கேயே எழுதினேன். நேரத்துக்கு நேராக ‘12 மணி’ என்று அச்சடித்தே விட்டேன். யாரும் யோசிக்க வேண்டாம்.

ஒட்டிய மறுவாரம் பார்த்தால், தாளின் தலைப்பில் பென்சிலால் ஒரு வரி: ‘முதலில் எல்லா ஃபேனும் சுற்றுகிறதா, காது கொடுத்துக் கேள்.’ கையெழுத்து அந்தச் சனிக்கிழமைத் தம்பியுடையது. அடுத்த அச்சில் அதுதான் முதல் வரி.